பெயர் வைக்குமுன்னே போன பிள்ளைகள்

மகாராஷ்டிரத்தின் காட்டு மாவட்டம் கட்சிரோலி. 1980-களில் அங்கே வீட்டில் பிறந்து, பெயர் வைக்குமுன்னே இறந்த சிசுக்கள் பலரும் அரசுப் பதிவேட்டில் ஏறியதே இல்லை. கணக்கிலேயே இல்லாத மரணத்தை யார் தடுப்பார்கள்?

டாக்டர் தம்பதி அபய் பங், ராணி பங் எண்ணுவதிலிருந்து தொடங்கினார்கள். வீடு வீடாகப் பிறப்பு, இறப்பு எல்லாம் நோட்டில் ஏறின. எத்தனை சிசுக்கள், எதனால் இறக்கின்றன என்று தெரிந்தது. பிறகு கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி. குழந்தையின் எடை பார்ப்பது, மூச்சைக் கவனிப்பது, நோய்த்தொற்று கண்டால் ஊசி போடுவது வரை கற்றார்கள்.

இந்தச் சேவை இல்லாத பக்கத்துக் கிராமங்களோடு ஒப்பிட்டால், 39 கிராமங்களில் பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவிகிதம் குறைந்திருந்தது. 1999-ல் 'லான்செட்' மருத்துவ இதழ் இதை வெளியிட்டது.

இன்று பல மாநிலங்களில் ஆஷா பணியாளர்கள் பச்சிளங்குழந்தையைப் பார்க்க வீடு தேடி வருகிறார்கள். அதற்கு முன்மாதிரி, அந்தக் கிராமத்துப் பெண்கள்தான்!