வாவியில் ஐந்து இனம்: பட்டியல் சொல்லாத கணக்கு

மட்டக்களப்பு வாவியில் வலை வீசினால் மணலை, ஒட்டி, கெழுத்தி, இறால், திலாப்பியா எல்லாம் ஏறும். ஐந்து இனம் என்று குறித்துக்கொள்கிறோம். வாவி செழிப்பாக இருக்கிறதென்று அதை வைத்துச் சொல்ல முடியுமா?

இரண்டு இடங்களில் தலா 100 உயிர்கள் பிடிபட்டதாக வைத்துக்கொள்வோம். முதலிடத்தில் ஐந்து இனமும் இருபது இருபது. அடுத்த இடத்தில், 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மீனான திலாப்பியா மட்டும் 92. மற்ற நான்கும் இரண்டிரண்டு. பட்டியலில் இரண்டு இடமும் ஒன்றுதான்.

இந்த ஏமாற்றைப் பிடிக்க 1949இல் புள்ளியியலாளர் எட்வர்ட் சிம்சன் ஒரு வழி சொன்னார். கண்ணை மூடி ஒன்றை எடுங்கள்; திரும்பப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுங்கள். இரண்டும் ஒரே இனமாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? முதலிடத்தில் 20 சதவீதம், அடுத்ததில் ஏறக்குறைய 85. சம அளவில் உள்ள எத்தனை இனத்துக்கு இது நிகர் என்று அறிய, 1ஐ 0.20ஆல் வகுத்தால் 5, 0.85ஆல் வகுத்தால் 1.18. பேருக்கு ஐந்து இனம், கணக்குக்கு ஒன்றேகால்கூட இல்லை!

கிளாட் ஷனன் 1948இல் தகவல் தொடர்புக்காக வகுத்த சூத்திரமும் இங்கே உதவுகிறது. அரிய இனங்களுக்கு அது சற்றுக் கூடுதல் மதிப்புத் தருவதால் அதே இரண்டாம் இடம் 1.48 இனத்துக்குச் சமமாகிறது. எந்தச் சூத்திரம் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் தரும் அறிக்கையை நம்ப வேண்டாம்.

என்னைக் கேட்டால், எண்ணைவிட வரைபடமே நேர்மையானது. அதிகம் உள்ள இனம் முதலில், குறைந்தது கடைசியில் என்று கிடை அச்சில் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் பங்கையும் நிலை அச்சில் குறிக்க வேண்டும். பங்குகள் மிகவும் வேறுபடுவதால் நிலை அச்சுக்கு மடக்கை அளவு வசதி. அமெரிக்கச் சூழலியலாளர் ராபர்ட் விட்டேக்கர் 1965இல் பரவலாக்கிய முறை இது. முதலிடத்தின் கோடு தட்டையாகப் போகும். அடுத்தது முதல் இனத்திலிருந்து செங்குத்தாக விழும்.

வாவியில் இன்னொரு சிக்கல் உண்டு. மாரி வெள்ளத்தில் பாலமீன்மடு முகத்துவாரம் திறந்ததும் உப்புத்தன்மை மாறும், மீன்களும் மாறும். ஆகவே மார்கழிப் பிடியையும் ஆடிப் பிடியையும் கலந்து ஒரே எண்ணாக்கக் கூடாது. வலைக்கண் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். பெருங்கண் வலையில் சிறுமீன் தங்காது. வீச்சுகள் கூடக்கூட இனங்களும் கூடும். அதனால் 50 வீச்சு வீசிய இடத்தைப் பத்தோடு நிறுத்திய இடத்துடன் ஒப்பிடுமுன், பெரிய மாதிரியில் பத்து வீச்சுக்கு எத்தனை இனம் கிடைத்திருக்கும் என்று கணக்கிட வேண்டும்.