இடையர் ஊரின் அடுப்புகள்

பஹல்காம் என்றால் காஷ்மீர் மொழியில் ஆட்டிடையர்களின் ஊர் என்று பொருள். அனந்தநாக் மாவட்டத்தில், ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், பைன் காடுகளுக்கு நடுவே லித்தர் ஆறு இரைந்தோடும் பள்ளத்தாக்கு அது. கோடையில் உல்லாசப் பயணிகள் வருவார்கள். ஆடி மாதத்தையொட்டி அமர்நாத் குகையில் பனியால் உருவாகும் லிங்கத்தைத் தரிசிக்க இந்து யாத்திரிகர்கள் வருவார்கள்.

மட்டக்களப்புச் சகோதரிகளுக்கு இது அந்நியமான காட்சியல்ல. தேற்றாத்தீவு வழியாகக் கல்முனைப் பக்கம் செல்லும் வீதியில் கதிர்காமப் பாதயாத்திரைக்காரர்கள் நடந்து போவதைப் பார்த்தவர்கள்தானே நாம்! கதிர்காமத்தில் முருகன் கோயிலுக்கு அருகிலேயே பள்ளிவாசலும் உண்டு.

பஹல்காமில் இந்த உறவு இன்னும் நெருக்கமானது. சந்தன்வாரிக்கு அப்பால் வாகனம் போகாது. யாத்திரிகர்களைக் குதிரையில் ஏற்றிச் செல்பவர்களும், நடக்க முடியாத முதியவர்களைப் பல்லக்கில் சுமப்பவர்களும் பெரும்பாலும் முஸ்லிம்கள். அந்தக் குகையையே 19ஆம் நூற்றாண்டில் பூட்டா மாலிக் என்ற முஸ்லிம் இடையர்தான் கண்டார் என்று அங்கே சொல்கிறார்கள். காணிக்கையில் ஒரு பங்கு அவர் சந்ததியாருக்குக் கிடைத்து வந்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கோயில் வாரியம் அமைந்தபின் அது நின்றுபோனது.

அந்த ஊருக்கு மேலேயுள்ள பைசரன் புல்வெளியில்தான் 2025 ஏப்ரல் 22ஆம் திகதி துப்பாக்கிதாரிகள் 26 பேரைக் கொன்றார்கள். மதத்தைக் கேட்டுக் கேட்டுச் சுட்டார்கள் என்று தப்பியவர்கள் கூறினார்கள். மனைவிமாரின் கண்ணெதிரே கணவன்மார் விழுந்தார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கொல்வதற்கு எந்த மார்க்கத்தில் இடமிருக்கிறது?

இறந்த 26 பேரில் ஒருவர் உள்ளூர்க் குதிரைக்காரர், முஸ்லிம். பயணிகளைக் காப்பாற்றப் போய்த்தான் சுடப்பட்டார் என்று குடும்பத்தார் சொன்னார்கள். முதலமைச்சர் உமர் அப்துல்லா அவரது ஜனாஸாவில் கலந்துகொண்டார். வயதான பெற்றோருக்கு உழைத்துப் போட்ட பிள்ளை அவர். அன்று காயப்பட்டவர்களைத் தோளிலும் குதிரையிலும் சுமந்து இறக்கியவர்களும் அவ்வூர் மக்களே. பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளில் கண்டனம் எழுந்தது. மறுநாள் பள்ளத்தாக்கெங்கும் கடைகள் அடைக்கப்பட்டன. ஆயுததாரிகளைக் கண்டித்து இப்படிக் கடையடைப்பு நடந்தது 35 ஆண்டுகளில் அதுவே முதல் தடவை என்று பத்திரிகைகள் எழுதின.

பிறகு பயணிகள் ஊரைக் காலி செய்து போனார்கள். அரசாங்கம் காஷ்மீரில் 48 சுற்றுலா இடங்களை மூடியது. குதிரைக்காரர் வீட்டுக் கணக்கை இல்லத்தரசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. கோடையின் சில மாத உழைப்பில்தான் பனிக்காலம் முழுவதற்குமான அரிசியும் விறகும் சேர வேண்டும். ஆள் ஏறாவிட்டாலும் குதிரைக்குத் தீனி போட்டே ஆகவேண்டும். எவரோ சுட்ட சூட்டில் இந்த அடுப்புகளும் அணைந்தன. நம் கரையோரத்தில் யுத்த காலத்தைக் கடந்து வந்த தாய்மார், தமிழரானாலும் முஸ்லிமானாலும், இதை உடனே புரிந்துகொள்வார்கள்.

2025 ஜூலை 3ஆம் திகதி, பலத்த காவலுடன் யாத்திரை மறுபடி தொடங்கியது. மழையால் ஆகஸ்ட் 3ஆம் திகதியே அது நிறுத்தப்பட்டாலும், அதற்குள் 4 லட்சத்துக்கும் அதிகமானோர் குகையைத் தரிசித்துவிட்டார்கள். முந்திய ஆண்டில் வந்தவர்கள் 5 லட்சத்துக்கும் மேல். குறைவுதான். ஆனாலும் அந்த ஒரு மாதம் குதிரைகள் மலையேறின.