சீருடையினரின் மனக்காயமும் சமயத் துணையும்

"எங்கள் கோயில் பூசாரியை ஒரு முறை உள்ளே அழைத்து வரலாமா, டாக்டர்?" தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் உறவினர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. சிலர் ஹஜ்ரத்தை அழைத்து வர விரும்புவர்; சிலர் பங்குத்தந்தையையோ போதகரையோ. மருத்துவத்தின் மீது நம்பிக்கை இல்லாதவர் என்று தம்மைக் கருதிவிடுவார்களோ என்னும் கூச்சம் அக்குரலில் இருக்கும். அந்தக் கூச்சத்துக்குத் தேவையில்லை. நோயுற்றோரைப் பார்த்து ஆறுதல் கூறுவதையும் ஒரு பணியாக வரையறுத்து, அதற்கென ஆள் அமர்த்தி ஊதியமும் வழங்கும் நிறுவனம் ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. அது இந்திய இராணுவம்.

இராணுவத்தில் இவர்களுக்குச் சமய ஆசிரியர் என்று பெயர். வீரர்கள் 'தர்ம குரு' என்று அழைப்பர். பண்டிதர், கிரந்தி, மௌலவி, பாதிரியார், பௌத்தத் துறவி என அந்தந்தச் சமயத்தில் பயின்ற பட்டதாரிகளைத் தேர்ந்தெடுத்து, நாயப் சுபேதார் நிலையில், அதாவது ஜே.சி.ஓ. எனப்படும் இளநிலை அதிகாரிகளாகச் சேர்த்துக்கொள்கின்றனர். புனேயில் இயங்கும் தேசிய ஒருமைப்பாட்டு நிறுவனத்தில் இவர்களுக்குப் பயிற்சி உண்டு. கோயிலில் பூசை செய்வது மட்டுமே இவர்கள் வேலை என்று எண்ணிவிட வேண்டாம். இறந்த வீரரின் இறுதிச் சடங்கில் நிற்பது, மருத்துவமனையில் இருக்கும் வீரர்களைச் சென்று காண்பது, உடல்நலம் தேறி வருவோருடன் அமர்ந்து வழிபடுவது, தண்டனை பெற்றுச் சிறையிலிருக்கும் வீரரைச் சந்திப்பது, வீரர்களின் குடும்ப நலனைக் கவனிப்பது ஆகியவையும் இவர்களுடைய கடமைகளாக ஆள்சேர்ப்பு அறிவிப்பிலேயே எழுதப்பட்டுள்ளன. தண்டனை பெற்றவரும் அப்பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். தவறு செய்தவரையும் ஒருவர் போய்ப் பார்த்தாக வேண்டும் என்று இராணுவம் கருதுகிறது.

பல முகாம்களில் 'சர்வ தர்ம ஸ்தல்' என்னும் பொது வழிபாட்டிடம் உண்டு. ஒரே கூரையின் கீழ் எல்லாச் சமயத்தாரும் வணங்குவர். அதிகாரி எந்தச் சமயத்தவராயினும் தம் வீரர்களின் வழிபாட்டில் அவர்களோடு சேர்ந்து நிற்பது படையின் நெடுநாள் மரபு. விடுப்பில் ஊர் வரும் நம் பிள்ளைகளைக் கேட்டால் இதைப் பற்றி விரிவாகவே சொல்வார்கள்.

மருத்துவன் என்ற முறையில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி வேறொன்று. போர்க்களத்தில் காயமுற்றோரைக் காக்கும் 1949-ஆம் ஆண்டின் முதலாம் ஜெனீவா உடன்படிக்கை, தாக்கக்கூடாதவர் யார் யார் என்று கூறும் 24-ஆம் பிரிவில், மருத்துவப் பணியாளரையும் படையுடன் இணைந்த சமயப் பணியாளரையும் ஒருங்கே குறிப்பிடுகிறது. இரத்தத்தை நிறுத்துபவருக்கும் கையைப் பற்றிக்கொண்டு அருகில் அமர்பவருக்கும் ஒரே பாதுகாப்பு. பல போர்களைப் பார்த்த பின்னர் எழுதப்பட்ட சட்டம் அது.

வெறும் ஆறுதலுக்காகவா இத்தனை ஏற்பாடு? இல்லை. போரிலும் பேரிடரிலும் பணிபுரிவோர்க்கு ஏற்படும் மனத்துன்பம் ஒரே வகையினது அன்று. அச்சத்தால் வருவது ஒன்று: கண்ட காட்சி கனவில் திரும்பத் திரும்ப வரும், சிறு ஓசைக்கும் உடல் திடுக்கிடும், அந்த இடத்தின் பக்கமே போக மனம் ஒப்பாது. இதற்கு நல்ல மருத்துவம் இருக்கிறது. மற்றொன்று குற்ற உணர்வால் வருவது. 'இன்னும் ஐந்து நிமிடம் முன்னால் போயிருந்தால் அந்தக் குழந்தை பிழைத்திருக்கும்', 'இருவரில் ஒருவரைத்தான் தூக்க முடிந்தது. நான் ஏன் இவரைத் தூக்கினேன்?' என்ற எண்ணங்கள் உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த ஜொனாதன் ஷே என்னும் அமெரிக்க மனநல மருத்துவர், 1990-களில் இத்தகைய துன்பத்துக்குத் தனிப்பெயர் இட்டு விளக்கினார். தமிழில் அதை 'அறக்காயம்' என்று சொல்லலாம். தூக்கத்துக்கு மாத்திரை தர என்னால் முடியும். 'நான் பாவியா?' என்ற கேள்விக்கு என் மருந்துச் சீட்டில் இடமில்லை. அக்கேள்வியைச் செவிமடுக்கவும், அவருடைய நம்பிக்கைக்கு உகந்த ஒரு சடங்கையோ வேண்டுதலையோ ஒப்புரவையோ காட்டவும் தகுதியுடையவர் சமயப் பணியாளரே.

இது எங்கோ எல்லையில் நடப்பது அன்று. 2018 மார்ச் 11 அன்று போடி அருகே குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கியதை நம் மாவட்டம் மறந்திருக்காது. இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மலைக்கிராம மக்களும், வனத்துறை, காவல்துறை, தீயணைப்புத் துறை ஊழியர்களும் இருட்டில் மேலேறிக் காயமுற்றோரைத் தோளிலும் தூளியிலும் சுமந்து இறக்கினர். விமானப்படையின் ஹெலிகாப்டர்களும் வந்தன. 108 ஊர்திகள் போடிக்கும் தேனிக்கும் மதுரைக்குமாக ஓடின. இறந்தவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசினோம், பேசத்தான் வேண்டும். சுமந்து இறக்கியவர்களின் உறக்கத்தைப் பற்றி ஊர் அவ்வளவாகப் பேசவில்லை.

வெளிநாடுகள் பலவற்றில் தீயணைப்புத் துறைக்கும் சமயப் பணியாளர் உண்டு. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலில் இறந்தோரில் முதலாவதாகப் பதிவு செய்யப்பட்டவர், அந்நகரத் தீயணைப்புத் துறையின் பாதிரியாரான மைக்கல் ஜட்ஜ். தம் வீரர்களோடு கட்டடத்துக்குள் சென்றவர் அவர். நம் தீயணைப்பு மீட்புப் பணித் துறையிலோ 108 சேவையிலோ இத்தகைய பதவி இல்லை. தமிழகக் காவலர்களுக்காக பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் துணையோடு நிறைவாழ்வுப் பயிற்சி தொடங்கப்பட்டது நல்ல முன்மாதிரி. ஆனால் ஒரு விபத்திலிருந்து திரும்பி, வண்டியின் தரையைக் கழுவிவிட்டு, அடுத்த அழைப்புக்குப் புறப்படும் ஓட்டுநரிடமும் மருத்துவ உதவியாளரிடமும் "சாப்பிட்டீர்களா, எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்பதையே பணியாகக் கொண்ட ஒருவர் வேண்டும் என்பது என் கருத்து. அவர் துறவியாக இருக்க வேண்டும் என்பதில்லை. வாயை மூடிக்கொண்டு கேட்கத் தெரிந்தவராக இருந்தால் போதும்.

உண்மையில், தேர்ந்த சமயப் பணியாளரின் திறமை பேசாதிருப்பதில்தான் இருக்கிறது. கேட்டதை வெளியே சொல்வதும் இல்லை. அமெரிக்கப் படையில் பாதிரியாரிடம் வீரர் தனிமையில் சொன்னதை அவருடைய மேலதிகாரியும் கேட்டறிய முடியாது என்பது விதி. பயிற்சி இல்லாத நல்லெண்ணம் இவ்விடத்தில் தீங்கு செய்துவிடும். "எல்லாம் கர்மவினை", "ஆண்டவன் சோதிக்கிறான்", "உன் நம்பிக்கை போதவில்லை" போன்ற சொற்கள், ஏற்கெனவே தன்னைத் தானே குற்றம் சாட்டிக்கொண்டிருப்பவரிடம் தீர்ப்பாகவே போய்ச் சேரும். ஆகவே நீங்கள் அழைத்து வரும் பெரியவரிடம் வார்டுக்குள் நுழையும் முன்பே சொல்லிவிடுங்கள்: "ஐயா, அறிவுரை வேண்டாம், சற்று நேரம் உடனிருந்தால் போதும்." பெரும்பாலோர் புரிந்துகொள்வர். இதற்கும் முன்பு நோயாளியிடம் விருப்பம் கேட்பது அவசியம். வீட்டார் விருப்பமும் நோயாளியின் விருப்பமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. நினைவிழந்து கிடப்பவராயின், அவர் நலமாயிருந்த காலத்தில் எதை ஏற்றார், எதை மறுத்தார் என்பதே அளவுகோல்.

வார்டு சார்ந்த சில செய்திகளையும் கூறிவிடுகிறேன். செவிலியரிடம் முன்கூட்டியே தெரிவித்தால் நேரம் ஒதுக்கித் தருவார்கள். வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் தீர்த்தமோ, ஓதி ஊதிய நீரோ, ஆலயத்திலிருந்து கொண்டுவரும் புனித நீரோ எதுவாயினும், வாய்வழி உணவு நிறுத்தப்பட்டவருக்கும் சிறுநீரக நோயால் நீரின் அளவு குறைக்கப்பட்டவருக்கும் குடிக்கக் கொடுக்கலாகாது. நெற்றியில் தொட்டு வைத்தால் போதும். தீக்காயத்தின் மீதும் அறுவைப் புண்ணின் மீதும் திருநீறோ எண்ணெயோ படவே கூடாது. கிருமித் தொற்று உண்டாகும். ஆக்சிஜன் ஓடும் படுக்கையருகே சூடம், ஊதுவத்தி, மெழுகுவத்தி எதையும் ஏற்றாதீர்கள். தீப்பற்றும் அபாயம் பெரிது. எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகும்போது தாயத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அறுவைக்கு முன் கைக்கயிற்றை அறுக்க நேர்ந்தால் அதைத் தூக்கி எறியாமல் உங்களிடமே தருமாறு கேளுங்கள். அந்தக் கயிற்றின் பொருள் என்னவென்று உங்களுக்குத் தெரியும். எங்கள் ஊழியர் அனைவருக்கும் தெரிந்திருக்கும் என்று சொல்ல இயலாது.

சமயத் துணை மருத்துவத்தோடு சேர்ந்து நடக்க வேண்டியது. மருத்துவத்துக்கு மாற்று அன்று. உங்கள் வீட்டில் இராணுவத்திலோ காவல்துறையிலோ தீயணைப்புத் துறையிலோ ஊர்தியிலோ பணிபுரிபவர், ஒரு கொடிய நிகழ்வுக்குப் பின் ஒரு மாதம் கடந்தும் உறங்காமலோ, எரிந்து விழுந்துகொண்டோ, எவரோடும் பேசாமலோ இருந்தால், கோயிலுக்குச் சென்று வந்ததோடு நிறுத்திவிடாமல் எங்களிடம் அழைத்து வாருங்கள். உறக்கத்துக்காக மதுவை நாடத் தொடங்கியிருந்தால் மாதக்கணக்குப் பார்க்க வேண்டாம். 'இனி இருந்து என்ன பயன்' என்ற பேச்சு எழுந்தால் அன்றே வர வேண்டும். அவரைத் தனியே விட்டுச் செல்லக் கூடாது. நேரில் வர இயலாத நிலையில் டெலி-மானஸ் சேவையின் 14416 என்னும் இலவச எண்ணை இரவிலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். படைத்துறையினருக்காகவும் அவர்கள் குடும்பத்தாருக்காகவும் 2023 டிசம்பர் முதல் புனே படைத்துறை மருத்துவக் கல்லூரியில் இச்சேவையின் தனிப்பிரிவு ஒன்று இயங்குகிறது. பாதிக்கப்பட்டவரே பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவருடைய மனைவியோ தாயோ அழைத்து, என்ன செய்வது என்று கேட்டுக்கொள்ளலாம்.