உங்களுக்குத் தெரியுமா? தோல் ஆறினாலும் வாயைப் பார்க்க வேண்டும்

மணிக்கட்டில் ஊதா நிறத்தில், தட்டையான தலையோடு அரிப்பெடுக்கும் சிறு தடிப்புகள். கன்னத்தின் உட்புறம் பின்னல் வேலை செய்ததுபோல் மெல்லிய வெள்ளைக் கோடுகள். இரண்டுமே லைக்கன் பிளானஸ் என்ற ஒரே நோயின் அடையாளங்கள். 1869-இல் லண்டன் மருத்துவர் எராஸ்மஸ் வில்சன் இதை விவரித்தார். இது தொற்றுநோய் அல்ல. பாதித்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால், உடலைக் காக்க வேண்டிய டி செல்கள் மேல்தோலின் அடியில் பட்டையாகக் குவிந்து, அடியடுக்குச் செல்களையே தாக்குவது தெரியும். அப்படியிருக்க, நோயாளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைப்பது அநியாயம்.

'தானே ஆறிவிடுகிறதே, மருத்துவர் எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. தோல் தடிப்புகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் அடங்குவது உண்மைதான். மாநிறத் தோலில் கருந்தழும்பு மட்டும் நெடுநாள் நிற்கும். வாய் அப்படியல்ல. அங்கே நோய் பல ஆண்டுகள் நீடிக்கும். புண்ணாகிவிட்டால் ரசம் சாதம்கூட எரியும். காரம் எரிச்சலைக் கூட்டுமே தவிர நோயை உண்டாக்காது. ஆனால் சில ரத்த அழுத்த மாத்திரைகளும் பல்லை அடைக்கும் பாதரசக் கலவையும் இதே போன்ற மாற்றத்தைத் தரக்கூடும் என்பதால், சாப்பிடும் மாத்திரைகளை மருத்துவரிடம் காட்டுவது அவசியம். ஸ்டீராய்டு களிம்பு அழற்சியைத் தணிக்கும், வேரோடு எடுக்காது. வாயில் இந்நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்குப் புற்றுநோய் வரக்கூடும். ஆகவே வலி இல்லாத காலத்திலும் பல் மருத்துவரிடம் தவறாமல் வாயைக் காட்ட வேண்டும், புகையிலையை அறவே விட வேண்டும்.