வங்கக் கடலில் ஓர் அழையா விருந்தாளி

மயிலாப்பூர்வாசிகளும் அடையாற்றுவாசிகளும் மாலை வேளையில் காற்று வாங்கப் போகும் கடலுக்கு யுத்த அனுபவம் உண்டு. 1914-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி இரவு 'எம்டன்' என்னும் ஜெர்மானியக் கப்பல் வந்து, துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போயிற்று. பொல்லாத ஆசாமியை 'எம்டன்' என்று சொல்லும் வழக்கம் அதிலிருந்து வந்ததுதான். அந்த எம்டனைப் போல் இருபது மடங்கு எடையுள்ள ஒரு போர்க்கப்பல் 1971-ம் வருஷம் டிசம்பரில் இதே வங்கக் கடலுக்குள் புகுந்தது. ஒரு குண்டு கூடச் சுடாமல் திரும்பிற்று. அதனாலேயோ என்னவோ, அதை நம்மில் பலர் மறந்துவிட்டோம்.

அமெரிக்காவின் 'என்டர்பிரைஸ்' அது. எட்டு அணு உலைகளால் இயங்கிய விமானந்தாங்கிக் கப்பல். வியட்நாம் யுத்தத்தில் ஈடுபட்டிருந்த கப்பலுக்கு நம் கடலில் என்ன வேலை?

விஷயம் 1954-லேயே தொடங்குகிறது. அவ்வருஷம் அமெரிக்கா பாகிஸ்தானோடு ராணுவ உதவி உடன்படிக்கை செய்துகொண்டது. கம்யூனிஸத்தைத் தடுக்கவென்று கொடுத்த பாட்டன் டாங்கிகள் 1965-ல் நம் எல்லையில்தான் வந்து நின்றன. நம் ரேஷன் கடைகளில் அமெரிக்கக் கோதுமை விற்ற காலமும் அதுதான் என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

1971 மார்ச் 25-ந் தேதி இரவு பாகிஸ்தான் ராணுவம் டாக்காவில் படுகொலையைத் தொடங்கியது. ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள் இந்தியாவில் தஞ்சம் புகுந்தார்கள். டாக்காவிலிருந்த அமெரிக்கக் கான்ஸல் ஜெனரல் ஆர்ச்சர் பிளட், சக ஊழியர்கள் கையெழுத்திட்ட கண்டனத் தந்தியொன்றைத் தம் சர்க்காருக்கு அனுப்பி வைத்தார். கிடைத்த பலன், அவர் அப்பதவியிலிருந்து மாற்றப்பட்டதே! பிரஸிடெண்ட் நிக்ஸனின் கண் அப்போது சீனாவின் மீது இருந்தது. ஜூலை மாதம் கிஸ்ஸிஞ்ஜர் ரகசியமாகப் பீகிங் சென்றதும் பாகிஸ்தான் வழியாகத்தான். வழிகாட்டியவரை எப்படிக் கோபித்துக்கொள்வது?

டிசம்பர் 3-ந் தேதி பாகிஸ்தான் விமானங்கள் நம் விமானத் தளங்களைத் தாக்கின. அன்றிரவே விசாகப்பட்டினத்துக்கு அருகே பாகிஸ்தானின் 'காஜி' நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கிற்று. நம் 'விக்ராந்த்' கப்பலைத் தேடி வந்தது அது. விக்ராந்தோ முன்பே அந்தமான் பக்கம் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. நம் கிழக்குக் கடற்படைக்குத் தலைமை வகித்தவர் நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் கிருஷ்ணன். விக்ராந்த் சென்னைக்கருகே இருப்பதுபோல் எதிரியை நம்பச் செய்த தந்திரம் அவருடையது. காஜியும் அமெரிக்காவில் கட்டிய கப்பல்தான். பாகிஸ்தானுக்குக் குத்தகையாகக் கொடுத்தது.

டிசம்பர் 10-ந் தேதி நிக்ஸன் உத்தரவிட, என்டர்பிரைஸ் தன் பரிவாரத்தோடு சிங்கப்பூர் அருகே கூடியது. டாக்காவிலுள்ள அமெரிக்கரை மீட்பதற்கு என்று காரணம் சொன்னார்கள். அங்கிருந்த அயல்நாட்டாரில் பெரும்பாலோரைப் பிரிட்டிஷ் விமானங்கள் 12-ந் தேதியே ஏற்றிச் சென்றுவிட்டன! ஆனாலும் கப்பல் நிற்கவில்லை. மலாக்கா ஜலசந்தியைக் கடந்து 15-ந் தேதி வங்கக் கடலுக்குள் புகுந்தது.

மிரட்டுவதே நோக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நம்மவர் மிரளவில்லை. ஆகஸ்டில் கையெழுத்தான சோவியத் உடன்படிக்கை பக்கபலமாக இருந்தது. ருஷ்யக் கப்பல்களும் புறப்பட்டு வந்தன. உண்மையில் ஏமாந்தது டாக்காவிலிருந்த ஜெனரல் நியாஜிதான். வடக்கிலிருந்து சீனரும் தெற்கிலிருந்து அமெரிக்கரும் வருவார்கள் என்று அவருக்கு ஆசை காட்டியிருந்தார்கள். 16-ந் தேதி அவர் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். ஏறக்குறைய 93,000 பேர் கைதிகளானார்கள். என்டர்பிரைஸ் ஜனவரியில் திரும்பிப் போயிற்று.

2007 ஜூலையில் 'நிமிட்ஸ்' என்னும் இன்னோர் அமெரிக்க அணுசக்திக் கப்பல் சென்னைக்கு வந்தது. துறைமுகத்துக்குள் கொள்ளாத உருவமாதலால் வெளியே நங்கூரமிட்டது. இடதுசாரிகள் எதிர்த்தார்கள்; மாலுமிகள் ஊர் பார்க்கக் கரையிறங்கினார்கள். 2022 ஆகஸ்டில் 'சார்ல்ஸ் ட்ரூ' என்ற அமெரிக்கக் கடற்படைக் கப்பல், சென்னைக்கு வடக்கேயுள்ள காட்டுப்பள்ளிக் கப்பல் கட்டும் தளத்துக்கு, நம் தொழிலாளரிடம் பழுது பார்த்துக்கொள்ள வந்து சேர்ந்தது.