வீட்டிலிருந்தே ஒரு வணிகப் பெயர்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வணிகவியல்)

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது பெரியோர் வாக்கு. ஆனால், அந்த ஆடை யாருடைய உழைப்பு என்று கேட்பவர் சிலரே. ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டில் பிறந்தவன் நான். தறியின் ஓசைதான் எங்கள் தெருவுக்குப் பொழுது விடிந்ததைச் சொல்லும். அங்கே நெய்யப்படும் பட்டு எத்தனையோ ஊர்களின் மணமேடைகளை அலங்கரிக்கிறது. வாங்குபவர் கடையின் பெயரை அறிவார். நெய்தவரின் பெயரை அறியார். நெய்தவருக்குத் தார் சுற்றிக் கொடுத்த பெண்ணின் பெயரோ, கூலிக் கணக்கில்கூட இடம்பெறுவதில்லை.

எங்கள் பக்கத்தில் பெரும்பாலோர் கூலிக்கு நெய்பவர்களே. பட்டு நூலும் சரிகையும் முதலாளி தருவார். சேலைக்கு இவ்வளவு என்று கூலி கிடைக்கும். தார் சுற்றுவது, அறுந்த இழையைப் பிணைப்பது முதலிய சிறு வேலைகளை வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். அதற்கென்று தனிக் கூலி இல்லை. இந்த நிலையில், படித்த பிள்ளைகளாகிய நாம் வீட்டிலிருந்தபடியே, குறைந்த முதலில், சொந்தப் பெயரில் ஓர் ஆடைத் தொழிலைத் தொடங்க முடியுமா? முடியும் என்பதே என் எண்ணம். அதன் வழியை இங்கே விளக்க முயல்கிறேன்.

எதைச் செய்வது?

பட்டுச் சேலையில் தொடங்குவது சிறு முதலுக்கு ஏற்றதன்று. தறியில் ஏற்றும் பாவு ஒரே சேலைக்கென்று போடப்படுவதில்லை. பல சேலைகளுக்குச் சேர்த்தே போடப்படுகிறது. அவை விற்கும்வரை பணம் முடங்கிக் கிடக்கும். அளவெடுத்துத் தைக்கும் குழந்தைகள் பட்டுப் பாவாடை சட்டைக்கு இந்தத் தொல்லை இல்லை. குழந்தையின் உயரத்துக்கேற்பச் சில மீட்டர் துணியே போதும். பெயர் சூட்டும் நாள், பிறந்த நாள், நவராத்திரி, தீபாவளி, பொங்கல், உறவினர் திருமணம் என்று தேவையும் ஆண்டு முழுவதும் உண்டு. ஆடி மாதத்தில் சற்று மந்தமாகும், அவ்வளவே.

கடையில் தொங்கும் ஆயத்த ஆடை, குழந்தை வளர்ந்தால் பெட்டிக்குள் போய்விடும். நாம் தைப்பதில் பாவாடையின் அடியிலும் இடுப்பிலும் மடிப்புத் தையல் வைத்து, சட்டையின் பக்கத் தையலில் துணியைச் சற்றுத் தாராளமாக விடலாம். ஆண்டுக்கொரு மடிப்பைப் பிரித்தால் அதே ஆடை மீண்டும் பொருந்தும். நம் பாட்டிமார் அறிந்த இந்தச் சிக்கனமே நம் பொருளுக்குத் தனிச் சிறப்பாகும்.

துணியும் அளவும்

வீட்டில் கால்மிதி தையல் இயந்திரம் இருந்தால் அதுவே போதும். இல்லையேல் நல்ல நிலையிலுள்ள பழைய இயந்திரத்தை வாங்கலாம். துணியைச் சேர்த்து வைக்க வேண்டியதில்லை. நெய்பவரிடம் கேட்டு மாதிரித் துண்டுகளைப் பெற்று, கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பி, ஆர்டரும் முன்பணமும் வந்த பிறகே துணி வாங்க வேண்டும். முன்பணம் துணியின் விலைக்குக் குறையாதிருப்பது நலம்.

துணி வாங்கும்போது மூன்று சோதனைகள் தேவை. ஓர் இழையை எரித்துப் பார்த்தால், உண்மைப் பட்டு முடி கருகும் நாற்றத்துடன் எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும். செயற்கை இழையோ உருகிக் கெட்டியான மணியாகும். ஈர வெள்ளைத் துணியால் ஓர் ஓரத்தைத் தேய்த்தால் சாயம் இறங்குமா என்பது தெரியும். உள்துணியாக வைக்கும் பருத்தியை நனைத்து உலர்த்திய பின்பே வெட்ட வேண்டும். இல்லையேல் முதல் சலவையில் அது சுருங்கி, பட்டை இழுத்துவிடும்.

அளவை வாயால் கேட்டு எழுதினால் தவறு நேரும். என் தாயார் ஒருமுறை தொலைபேசியில் கேட்ட அளவுக்குச் சட்டை வெட்டினார், தோள் பொருந்தவில்லை. வெட்டிய பட்டு ஒட்டாது. அன்றைய நட்டம், அதுவரை தைத்து ஈட்டியதையெல்லாம் விழுங்கிவிட்டது. அன்றிலிருந்து, குழந்தைக்குச் சரியாக இருக்கும் ஓர் அளவுச் சட்டையை அனுப்பச் சொல்கிறோம்.

கணக்கில் விட்டுப்போவது

பலர் தவறுவது விலை வைப்பதிலேதான். எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு: துணி 1,200 ரூபாய், உள்துணி 150, நூலும் கொக்கியும் 50, அஞ்சலும் உறையும் 150, ஆக 1,550. "1,700 ரூபாய்க்கு விற்றால் 150 இலாபம்" என்று மகிழ்வோம். இரண்டு நாள் குனிந்து தைத்த அம்மாவின் கூலி எங்கே? அதற்கு 500 ரூபாயும், இயந்திரத் தேய்மானத்துக்கு 50 ரூபாயும் சேர்த்தால் அடக்கமே 2,100 ஆகிறது. 1,700க்கு விற்றவருக்கு 400 ரூபாய் நட்டம்! அந்த நட்டத்தைச் சுமந்தவர் அம்மா. அதனால்தான் அது கணக்கில் தெரியவில்லை. தறி வீட்டில் தார் சுற்றியவருக்கு நேர்ந்தது தையல் வீட்டிலும் நேரலாகாது. வீட்டார் உழைப்பை எழுதிய பின்பே இலாபம் எழுத வேண்டும்.

இரண்டு பெயர்கள்

"ஆரணிப் பட்டு" புவிசார் குறியீடு பெற்ற பெயர். 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, அது ஊரின் பொதுச் சொத்து. எவரும் தனியுரிமை கொண்டாட இயலாது. அதைப் பயன்படுத்தத் தகுதியுள்ள உற்பத்தியாளர் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொள்ளலாம். தூய பட்டுக்கு 2004 முதல் சில்க் மார்க்கும், கைத்தறிக்கு 2006 முதல் கைத்தறி முத்திரையும் உள்ளன. கரையுள்ள சேலை முதலிய 11 வகைகளைக் கைத்தறிக்கென ஒதுக்கிய சட்டம் 1985இல் வந்தது.

இன்னொரு பெயர் நாமே சம்பாதிக்க வேண்டியது. அதை வணிகச் சின்னமாகப் பதிய, தனிநபர் இணையவழி விண்ணப்பத்துக்கு, ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தொடக்கத்திலேயே அந்தச் செலவு வேண்டாம். ஐம்பது குழந்தைகள் உடுத்திய பின்னர் பதியலாம். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. மாநிலத்துக்குள் மட்டும் பொருள் விற்பவர், ஆண்டு விற்பனை 40 இலட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டியதில்லை. வெளிமாநிலத்துக்கு விற்க விதி வேறு. முன்னரே கேட்டறிதல் நன்று.

1928இல் நல்லி சின்னசாமி செட்டியார் தியாகராய நகரில் தொடங்கிய சிறு கடையே இன்று உலகறிந்த பெயராக நிற்கிறது. 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ், நெய்தவரின் படமும் பெயரும் கொண்ட அட்டையைப் பட்டுச் சேலையோடு இணைத்தது. முன்னது, பெயர் வளர நாளாகும் என்பதைக் காட்டுகிறது. பின்னது, அந்தப் பெயரில் யாருக்கெல்லாம் பங்குண்டு என்பதைக் காட்டுகிறது.

ஆகவே நண்பர்களே, பட்டம் பெற்றதும் வேலை தேடிப் பேருந்து ஏறுமுன், வீட்டுக்குள் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அங்கே கலை இருக்கிறது, கைகள் இருக்கின்றன. நாம் கற்ற கணக்கும் எழுத்துமே அவற்றுக்குத் தேவை. நீங்கள் தைத்து அனுப்பும் முதல் ஆடையோடு ஒரு சிறு அட்டையை வையுங்கள். அதில் நெய்தவர் பெயரையும், தைத்தவர் பெயரையும் அவர்கள் இசைவோடு எழுதுங்கள். செலவு ஓர் அட்டையின் விலையே. ஆனால், எங்கள் தெருவில் இதுவரை எவரும் செய்யாத செலவு அது.