பேங்க்குக்கு வந்ததெல்லாம் வியாபாரமா? பள்ளிப்பட்டு கடைக்காரர்களுக்கு ஒரு நோட்டுக் கணக்கு



2025 ஜூலையில் கர்நாடகாவில் நடந்தது ஞாபகம் இருக்கா? டீக்கடை, பேக்கரி, காய்கறிக் கடைன்னு நிறைய சின்ன வியாபாரிகளுக்கு அந்த மாநில வணிகவரித் துறையிலிருந்து நோட்டீஸ் போச்சு. "யுபிஐ மூலமா உங்க கணக்குக்கு வந்த பணம் வரம்பைத் தாண்டிடுச்சு, ஏன் ஜிஎஸ்டி பதிவு எடுக்கலை?" இதுதான் கேள்வி. ஹாவேரியில் ஒரு காய்கறி வியாபாரிகிட்ட சுமார் 29 லட்சம் ரூபாய் கேட்டாங்க. நாலு வருஷத்தில் அவர் கணக்கில் நடந்த வரவு சுமார் 1.63 கோடி. இத்தனைக்கும் பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது.

உடனே பெங்களூரில் பல கடைகள் க்யூஆர் அட்டையைக் கழற்றிட்டு 'கேஷ் மட்டும்'னு போர்டு மாட்டினாங்க. அது தீர்வு இல்லீங்க. ஏற்கனவே வந்த பணத்துக்குக் கேள்வி வந்தா போர்டு பதில் சொல்லாது. உங்க கணக்குக்கு எவ்வளவு வந்ததுன்னு துறைக்குத் தெரியும். எதுக்காக வந்ததுன்னு தெரியாது. அதை எழுதி வைக்க வேண்டியது நீங்க மட்டும்தான்.

பள்ளிப்பட்டுக்கு ஏன் இது இன்னும் முக்கியம்?

பள்ளிப்பட்டு எல்லை ஊர். 1960 ஏப்ரல் 1-ம் தேதிதான் திருத்தணியும் பள்ளிப்பட்டும் ஆந்திராவிலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. கோடு மாறினாலும் வியாபாரம் மாறலை. நகரி, புத்தூர் பக்கத்திலிருந்து ஆள் வருவாங்க; இங்கிருந்து சரக்கு அங்கே போகும். பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை பக்கம் விசைத்தறி, நகரியிலும் விசைத்தறிதான்.

ஆனா ஜிஎஸ்டி-க்கு அந்தக் கோடு ரொம்ப முக்கியம். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் தமிழ்நாட்டுக்கு 33, ஆந்திராவுக்கு 37. இதிலிருந்து வர்ற மூணு விஷயத்தை மட்டும் மனசில் வெச்சுக்கோங்க.

1. பொருள் விற்பனைக்கு வருஷம் 40 லட்சம் வரைக்கும் பதிவு வேண்டாம்னு சொல்றது மாநிலத்துக்குள்ளே விற்கிறவங்களுக்கு. வரி உள்ள சரக்கை நகரியில் ஒரு கடைக்கு வண்டி ஏற்றி அனுப்பினா, முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேணும். கைவினைப் பொருள் மாதிரி சிலதுக்கு மட்டும் விலக்கு உண்டு.

2. காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறவங்க ஆந்திராவிலிருந்து வாங்கலாம். ஆந்திராவுக்குப் பொருள் விற்க முடியாது.

3. நகரிக்காரர் கடைக்கே வந்து வாங்கிட்டுப் போனா? 2023 அக்டோபர் 1 முதல், ஜிஎஸ்டி எண் இல்லாத வாடிக்கையாளருக்கு பில்லில் என்ன முகவரி இருக்கோ அந்த மாநிலத்து விற்பனைன்னுதான் கணக்கு. மாநிலத்தின் பேரை எழுதினாலே முகவரி எழுதின மாதிரி. முகவரி இல்லைன்னா உங்க கடை இருக்கிற இடம். பதிவு பெற்ற கடை 50,000 ரூபாய் அல்லது அதுக்கு மேல் வரி உள்ள சரக்குக்கு பில் போட்டா பேரும் முகவரியும் கட்டாயம்.

அதாவது பில் புத்தகத்தில் கைப்பழக்கத்தில் எழுதற ஒரு வரி, எந்த வரி கட்டணும்ங்கறதையே மாத்திடும். வருஷக் கடைசியில் இதையெல்லாம் ஞாபகத்திலிருந்து பிரிக்க முடியுமா? முடியாதுங்க.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

பதிவு எடுக்காத ஒரு பாத்திரக் கடைன்னு வெச்சுக்குவோம். உள்ளூர் விற்பனை மட்டும். ஒரு வருஷத்தில் பேங்க் கணக்குக்கு வந்தது 44 லட்சம். வெளியிலிருந்து பார்க்கிறவங்களுக்கு 40 லட்சம் தாண்டியாச்சு. உள்ளே என்ன இருக்கு?

- சீட்டு எடுத்த பணம்: 6 லட்சம்
- வீடு கட்ட அண்ணன் அனுப்பினது: 3 லட்சம்
- "அண்ணா, ஜிபே பண்றேன், கேஷ் குடுங்க"ன்னு கேட்டு வாங்கினவங்க அனுப்பினது: 2 லட்சம்
- உண்மையான விற்பனை: 33 லட்சம்

கல்லாவில் ரொக்க விற்பனை இன்னொரு 5 லட்சம். ஆக மொத்த விற்பனை 38 லட்சம். வரம்புக்குள்ளேதான். ஆனா அந்த 11 லட்சம் விற்பனை இல்லைன்னு அன்னன்னைக்கு எழுதி வைக்கலைன்னா, மூணு வருஷம் கழிச்சு நிரூபிக்கிறது ரொம்பக் கஷ்டம்.

வருமான வரியிலும் இதே நோட்டு உதவும். 44ஏடி பிரிவில் லாபத்தை உத்தேசமாகக் காட்டும்போது, பேங்க் வழியா வந்த விற்பனைக்கு 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8 சதவீதம். 33 லட்சத்துக்கு 1.98 லட்சம், 5 லட்சத்துக்கு 40 ஆயிரம், மொத்தம் 2.38 லட்சம். பிரிச்சு எழுதலைன்னா 38 லட்சத்துக்கும் 8 சதவீதம் போட்டு 3.04 லட்சம் காட்ட வேண்டி வரும். 66 ஆயிரம் அதிக வருமானம், சும்மா! (2026 ஏப்ரல் 1 முதல் புது வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண் மாறுது. 6, 8 சதவீதக் கணக்கு அப்படியே இருக்கு.)

இன்னொரு விஷயம். வரி இல்லாத பொருளை மட்டுமே விற்றா பதிவு வேண்டாம். ஆனா காய்கறி 36 லட்சம், சோப்பு, பிஸ்கட் 5 லட்சம்னு கலந்து விற்றா மொத்தம் 41 லட்சம். பதிவு எடுத்தே ஆகணும். வரி அந்த 5 லட்சத்துக்குத்தான். அதனால் ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க.

நோட்டில் என்ன எழுதணும்?

சாப்ட்வேர் கட்டாயம் இல்லை. ஒரு நீளமான கணக்கு நோட்டு, ஆறு கட்டம்:

- தேதி
- ரொக்க விற்பனை
- யுபிஐ விற்பனை
- விற்பனை இல்லாத வரவு (யார், எதுக்கு)
- ஆந்திரா பில் (எண், தொகை)
- செலவு, கொள்முதல்

ஷட்டர் இறக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம். ஆடிக் கிருத்திகை மாதிரி கூட்டம் அதிகமா வர்ற நாளில் மொத்தத் தொகையை மட்டுமாவது குறிச்சிடுங்க. மறுநாள் காலையில் பிரிச்சுக்கலாம்.

கூடவே நாலு பழக்கம்:

- கடைக்குத் தனி பேங்க் கணக்கு, தனி க்யூஆர். சீட்டுப் பணமும் வீட்டுப் பணமும் அதுக்குள்ளே வரவே கூடாது. மேலே பார்த்த 11 லட்சம் பிரச்சினை பாதி இதிலேயே தீர்ந்திடும்.
- கொள்முதல் பில்லை மாசத்துக்கு ஒரு கவரில் போடுங்க. மெஷினில் வர்ற வழுவழு பேப்பர் பில் சில மாசத்தில் வெளுத்துப் போகும், அன்னைக்கே போட்டோ எடுத்திடுங்க.
- ரெகுலர் ஜிஎஸ்டி-யில் இருந்தா மாசம் 14-ம் தேதிக்கு மேல் ஜிஎஸ்டிஆர்-2பி-யை எடுத்து உங்க கவரோட ஒப்பிட்டுப் பாருங்க. சப்ளையர் உங்க பில்லை ஏற்றலைன்னா உள்ளீட்டு வரி கிடைக்காது. ஒரு நிதியாண்டு பில்லுக்கு அடுத்த நவம்பர் 30 வரைக்கும்தான் பொதுவா அவகாசம்.
- காம்போசிஷனில் இருந்தா ஒவ்வொரு காலாண்டும் முடிஞ்ச அடுத்த மாசம் 18-க்குள் சிஎம்பி-08. வருஷ ரிட்டர்ன் ஜிஎஸ்டிஆர்-4, 2024-25 கணக்கிலிருந்து ஜூன் 30-க்குள்.

எத்தனை வருஷம் வெச்சிருக்கணும்?

ஜிஎஸ்டி பதிவு உள்ளவங்க வருஷ ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாசம் வெச்சிருக்கணும். 2024-25 ரெகுலர் கணக்குக்குக் கெடு 2025 டிசம்பர் 31. அப்போ அந்த நோட்டும் பில்லும் 2031 டிசம்பர் வரைக்கும் பத்திரமா இருக்கணும். பதிவு இல்லாதவங்களும் ஆறேழு வருஷம் வெச்சிருக்கறது நல்லது. அட்டைப்பெட்டி மேல் வருஷத்தைப் பெரிசா எழுதி, கரையானும் மழைத் தண்ணியும் போகாத இடத்தில் வையுங்க.

நம்ம ஊரில் சிலர் உகாதிக்குப் புதுக்கணக்கு போடுவாங்க, சிலர் சித்திரை 1, சிலர் விஜயதசமி. மஞ்சள் குங்குமம் என்னைக்கு வேணும்னாலும் வையுங்க. வரிக்கு மட்டும் கணக்கு ஏப்ரல் 1-ல் ஆரம்பிச்சு மார்ச் 31-ல் முடியுது. வருஷம் பாதியில் இருந்தாலும் பரவாயில்லை, இன்னைக்கு ராத்திரியே முதல் பக்கத்தை எழுதுங்க. இந்த வருஷ ஏப்ரலிலிருந்து பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்து, விற்பனை இல்லாத வரவுக்கு எதிரில் பென்சிலால் காரணத்தைக் குறியுங்க. ஞாபகம் இருக்கும்போதே செஞ்சாத்தான் உண்டு.

நகரிக்கு சரக்கு அனுப்பறவங்களும், 37-ல் ஆரம்பிக்கிற எண் கொடுத்து பில் கேட்கிற வாடிக்கையாளர் உள்ளவங்களும், அடுத்த பில் போடறதுக்கு முன்னாடி உங்க ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை பேசிடுங்க. அந்தப் பேச்சுக்கும் இந்த நோட்டைத்தான் எடுத்துட்டுப் போகணும். அடுத்த வீடியோவில் பார்க்கலாம்.